பிரான்சுக்குப் போன பூசை

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் போடுகிற பட்டறை எங்களுடையது. துரு போகக் கழுவிக் கொக்கியில் மாட்டி விடுவது என் வேலை. ஸ்பிரே கன்னைப் பிடித்துப் பவுடர் அடிப்பது தனிஸ்லாஸ் வேலை. அடித்ததை ஓவனுக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டால், வெந்து வருகிறவரை எங்களுக்குச் சும்மா நேரம். அந்தச் சும்மா நேரம் முழுக்க பிரான்ஸ் புட்பால் டீம் பேச்சுக்குத்தான்.

தனிஸ்லாஸ் ஐம்பதை நெருங்கிவிட்ட ஆள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. அம்மா மரி கிறிஸ்தீன் பக்கவாதம் வந்து படுத்தபோது, அக்கா வெரோனிகா மூலக்குளத்தில் புருஷன், பிள்ளைகள் என்று இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்து போவாள். மற்ற நாளெல்லாம் இவன்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கையை மாற்றுவது எல்லாம் பார்த்துவிட்டு வேலைக்கு வருவான். ஏன் லேட் என்று முதலாளி கத்தினால், "அம்மாவப் பாத்துட்டு வந்தேன்" என்பதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டமாட்டான். அந்தம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தது.

அவனுக்கும் பிரான்சுக்கும் காகிதத்தில் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரனிடமிருந்து முறைப்படி இந்தியாவுக்கு வந்த அறுபத்திரண்டில், பிரான்ஸ் குடியுரிமை வேண்டுமா என்று கேட்டார்களாம். எதிர்வீட்டில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். இவன் தாத்தா சும்மா இருந்துவிட்டார். எதிர்வீட்டுப் பேரப்பிள்ளைகள் பாரிசில் இருக்கிறார்கள். இவன் பவுடர் அடிக்கிறான்.

"ஏன்டா, பிரான்ஸ் ஜெயிச்சா ஒனக்குப் பாஸ்போர்ட்டா குடுக்கப் போறான்?" என்று கேட்டிருக்கிறேன்.

"பாஸ்போர்ட் குடுக்கறவனுக்குத்தான் கத்தணும்னு சட்டமா? நீ போயி ஒன் வேலயப் பாரு."

இந்த வருஷம் உலகக் கோப்பை வருகிறது என்றதும் பேச்சு முற்றிப்போனது. முதல் ஆட்டமே செனகலோடு. இரண்டாயிரத்து இரண்டில் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு போன பிரான்சை முதல் ஆட்டத்தில் கவிழ்த்தது அதே செனகல்தான். அந்தப் பயம் அவனுக்குள் இன்னும் கிடந்தது.

"கொளஞ்சி, முன்னால நிக்கறவனுங்க எல்லாம் குதிர. புடிக்க முடியாது. ஆனா பந்து போச்சுன்னா எவனும் பின்னால ஓடியாரமாட்டான். இடுப்புல கைய வச்சிக்கினு நிப்பானுங்க. அங்கதான் ஒதைக்குது."

"அப்ப தோத்துடுவாங்கறியா?"

"வாயக் கழுவுடா. கப்பு நம்மளுது."

கிறிஸ்தீன் அம்மாவுக்கு ஆண்டு நினைவு நாள் வந்தது. ஆண்டு என்றால் இவர்களுக்குக் காலைப் பூசை. செத்தவர் பெயரைக் கோயில் ஆபீசில் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பூசை தொடங்குமுன் அன்றைக்குரிய கருத்துகளை, அதாவது யாருக்காக, எதற்காகப் பூசை என்பதை, ஒருவர் மைக்கில் வாசிப்பார். பெயர் கோயில் முழுக்கக் கேட்கும். பிறகு கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வீட்டில் சாப்பாடு. முதல் ஆண்டு என்பதால் வெரோனிகா புருஷன் வீட்டுச் சனங்களையும் கூப்பிட்டிருந்தாள். பெயர் கொடுக்க வேண்டியது மகன். ஒரு சனிக்கிழமை வேலை விட்டதும் அதற்காகத்தான் கிளம்பினான். என் வண்டியில்தான் போனோம்.

ஆபீசில் பெயர் எழுதுகிற லூர்துசெல்வி உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் எல்லோரும் அர்ஜென்டினா டீம் பக்கம். இவன் செருப்பைக் கழற்றுமுன்னே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னாண்ணே, போன தடவ பைனல்ல அழுத கண்ணு காஞ்சிடுச்சா?"

"பெனால்ட்டில ஜெயிக்கறதெல்லாம் ஒரு ஜெயிப்பா?"

"அதுக்கு முன்னால இத்தாலிகிட்டயும் பெனால்ட்டிலதான் தோத்தீங்க. ஒங்காளுங்களுக்கு மட்டும் அது ஆவவே ஆவாது."

"இந்த வாட்டி பெனால்ட்டி வரைக்கும் போவாது. அதுக்குள்ள முடிச்சிடுவான்."

"மொதல்ல செனகலத் தாண்டுங்க. அன்னைக்கு ஒரு கோல்கூட அடிக்காம திரும்பி வந்தீங்களே! மாதாகிட்ட முட்டி போட்டாத்தான் உண்டு."

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவனுக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

"போடறேன்! எழுதும்மா நீ. பிரான்ஸ் டீம் கப்பு ஜெயிக்கணும்னு ஒரு பூசை. எழுது."

"நெசமாவாண்ணே?"

"பரீட்ச எழுதறதுக்குப் பூசை இருக்குது. வீடு கட்றதுக்கு இருக்குது. டீமுக்குன்னா ஆவாதா?"

"ஆவாதுன்னு யாரு சொன்னா? எந்தத் தேதிக்கு?"

தேதியைச் சொன்னான். ஒரு நொடி யோசிக்கவில்லை. வீட்டிலிருந்தே வாயில் வைத்துக்கொண்டு வந்த தேதி அது. அம்மாவின் தேதி. காலைப் பூசை என்றும் சொன்னான். காணிக்கையை வைத்தான். "கப்போட வந்து ஒங்கிட்டப் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சண்டையில் ஜெயித்தவன் மாதிரி வெளியே வந்தான். எதற்கு வந்தோம் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

வழியில் டீக்கடையில் நிற்கும்போது வெரோனிகா போன் பண்ணினாள்.

"பூசைக்குக் குடுத்துட்டியா தம்பி?"

"குடுத்துட்டன்கா. காலப் பூசை."

"பேர முழுசா சொன்னியா? மரி கிறிஸ்தீன்னு?"

"எல்லாம் சொல்லிட்டன்கா."

பொய் சொல்கிறவன் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை. போனான், வந்தான், வேலை முடிந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குக் காலையில் நானும் கோயிலுக்குப் போனேன். நான் முருகனைக் கும்பிடுகிறவன். ஆனால் அந்தம்மா கையால் சாப்பிட்டவன். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். முன்னால் வெரோனிகா வெள்ளைச் சேலையில், பக்கத்தில் அவள் புருஷன், மச்சினன், ஓரத்தில் தனிஸ்லாஸ். பெஞ்சு நிறைய சனம்.

மைக்கில் ஒரு அம்மா வாசிக்க ஆரம்பித்தாள். இறந்தவர்கள் பெயர் ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் வெரோனிகா தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். அடுத்தது அம்மா, அடுத்தது அம்மா என்று காத்திருந்தாள். இறந்தவர்கள் முடிந்துவிட்டார்கள். நன்றிப் பூசை ஒன்று வந்தது. அதற்கப்புறம் வாசிக்கிற அம்மா நிறுத்தினாள். தாளைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாசித்தாள்.

"உலகக் கோப்பையில் பிரான்ஸ் நாட்டுக் கால்பந்து அணி வெற்றி பெற வேண்டி, தனிஸ்லாஸ்."

எங்கேயோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் போயிற்று. தொடக்கப் பாட்டை எடுத்ததும் அடங்கியது. வெரோனிகா திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. முன்பெஞ்சின் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்து கிடந்தன. எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவன் நின்றான். எல்லோரும் எழுந்தபோது உட்கார்ந்தான். நற்கருணை வாங்கப் போகவில்லை.

வாசலுக்கு வந்ததும் வெரோனிகா கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மா பேரு எங்கடா?"



"துக்கத்துக்கு உடுத்திக்கினு மேட்ச்சுக்கு வந்திருக்கோம்" என்றான் அவள் மச்சினன். கூட இருந்தவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். அவள் பூவையும் மெழுகுவத்தியையும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்விட்டாள். வா என்று இவனைக் கூப்பிடவில்லை. இவனும் போகவில்லை.

சாமியார் உடை மாற்றுகிற அறைக்கு வெளியே போய் நின்றான். கூட நானும் நின்றேன். ஃபாதர் நல்ல மனுஷன். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தோளில் கை வைத்தார்.

"பேரு படிக்கலன்னா என்னா, தனிஸ்லாஸ்? பூசையில மனசுக்குள்ள அம்மாவ நெனச்சிருப்பீங்க இல்ல. ஆண்டவருக்கு அது போதும்."

"நெனைக்கல ஃபாதர்."

அவர் கையை எடுக்கவில்லை.

"மைக்குல அந்தம்மா படிக்கற வரைக்கும், பிரான்ஸ் டீம்ல ரைட் பேக்குல யாரப் போடுவானுங்கன்னு யோசிச்சிக்கினு இருந்தேன்."

பக்கத்தில் நிற்க எனக்கே கூசியது. ஃபாதர் தோளைத் தட்டிக் கொடுத்தார். பிறகு, "சாயங்காலப் பூசையில நானே பேர் சொல்றேன். அக்காவையும் கூட்டிக்கினு வாங்க" என்றார்.

தனிஸ்லாஸ் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும் வெரோனிகா விடியுமுன்னே வந்து செய்து வைத்திருந்தாள். கல்லறைக்குப் போனவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். சாப்பாட்டை விட்டுவிட்டுப் போக முடியாதே. இவன்தான் பரிமாறினான். குனிந்து குனிந்து எல்லோருக்கும் போட்டான்.  கரண்டிச் சத்தம்தான் கேட்டது. வெரோனிகா புருஷன் சாது. அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. சின்னப் பையனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி கேட்டார்.

"அந்தச் செனகல் மேட்ச் என்னைக்கு வருது, மாப்ள?"

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் மச்சினன் கிண்டல் பண்ணியதைவிட இது அவனை அதிகமாகக் குத்தியது. குழம்புச் சட்டியை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தோட்டப்பக்கம் போனான். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"அக்காவ நீ கூப்பிடுடா, சாயங்காலத்துக்கு. என்னால முடியல" என்றான்.

நான் போய்ச் சொன்னேன்.  அவள் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

வந்தாள். சாயங்காலப் பூசைக்குக் கூட்டம் இல்லை. இவன் இடது பக்க பெஞ்சில் உட்கார்ந்தான். அவள் வலது பக்கம், நாலு வரிசை தள்ளி. ஃபாதர் தானே மைக்குக்கு வந்து, "மரி கிறிஸ்தீன்" என்று சொன்னார். காலையில் காத்துக்கொண்டிருந்த அத்தனை சனத்தில் அதைக் கேட்க நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். இவன் தலை நிமிரவில்லை. வெரோனிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பூசை முடிந்து வாசலில், அவள் புருஷன் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு நின்றார். அவள் இவன் முன்னால் வந்தாள்.

"அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினது நீ. நான் அள்ளல. அத நான் என்னைக்கும் மறக்கல."

"அக்கா..."

"சொல்றதக் கேளு. இனிமே அம்மா பூசைக்கு நான் பேர் குடுத்துக்கறேன். நீ குடுக்க வேணாம். வந்து நில்லு, அது போதும்."

மகன் உயிரோடு இருக்கும்போது மகள் போய்ப் பெயர் கொடுத்தால் ஆபீசில் ஏன் என்று கேட்பார்கள். அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எப்படியாவது மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்த்தேன். பிரான்சுக்காக லூர்துசெல்வியிடம் அத்தனை வாய் பேசினவன் இவன்தானே.

"சரிக்கா" என்றான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஸ்கூட்டர் போய்விட்டது. நான் வண்டியை எடுத்தேன். அவன் பின்னால் ஏறினான். அவன் தெரு முனையில் போன வாரம்தான் பெரிய ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பிரான்ஸ் கொடி, நடுவில் கப்பு, கீழே ஏழெட்டுப் பேர் படம். நடுவில் இருப்பது இவன், கறுப்புக் கண்ணாடி போட்டு, கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு. சந்து திரும்புமுன் என் தோளைத் தட்டினான்.

"அந்தப் பக்கம் வேணாம், கொளஞ்சி. சுத்திக்கினு போ."

சுற்றிக்கொண்டுதான் போனேன்.