பஞ்சைப் போர்த்திய புழு

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி வந்தபோது, நான் ஒரு கறுப்பு டி-சர்ட்டின் படத்தில் பஞ்சுத் தூசியை நீக்கிக்கொண்டிருந்தேன். தூத்துக்குடியிலிருந்து அவருடைய தங்கை கூப்பிட்டு, “அக்கா போயிட்டா அண்ணே. காலையில மூச்சே விட முடியல” என்றாள். சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டு, மிச்சத் தூசியையும் நீக்கி முடித்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நல்லவர், தங்கமானவர் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. எங்கள் ஸ்டுடியோவில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், அவர் கோபக்காரி. பனியன் கம்பெனித் துணிகளைப் படமெடுத்து, அந்தப் படங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்வது எங்கள் பிழைப்பு. திருப்பூரில் பஞ்சு ஒட்டாத பொருள் ஏது? அதை நீக்குவதில் அக்காவை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கு முன் பல வருஷம் பனியன் கம்பெனியில், தைத்த துணியைப் பார்த்துப் பிசிறு நீக்கும் செக்கிங்கில் நின்றவர்; பிசிறைக் கண்டால் கை தானாகப் போகும். ஒரு கல்யாணத்தில் முன்வரிசை அம்மாளின் முதுகிலிருந்த நூலைப் பிடுங்கப் போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிறு வந்தால் பூச்சிதான். லென்ஸைத் தலைகீழாக மாட்டினால் கடுகளவு பூச்சியும் பெரிதாகத் தெரியும் என்று எங்கோ படித்துவிட்டு, அதற்கான வளையத்தை அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறை ஒன்றில் பித்தளையில் கடைந்து வாங்கினார். “ஏனுங்கம்மா, இது எந்தக் குண்டாவுக்கு மூடிங்க?” என்று பட்டறைக்காரர் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஸ்டுடியோவுக்குப் பின்னால் ஒரு காலி இடம். கம்பெனிகளின் வெட்டுத்துணிக் கழிவு அங்கேதான் குவியும். அதைச் சுற்றி முளைத்த எருக்கஞ்செடிகளின் முன் மண்டியிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு படம் எடுப்பார். இருமல் வந்து பல பூச்சிகளை ஓட்டிவிட்டது. அந்த இருமலை அவர் திட்டாத வார்த்தையில்லை.

ஒரு ஞாயிறு, எருக்கிலையில் நகக்கண் அளவில் ஒரு புழு கிடைத்தது. அது அசையாமல் இருந்ததே அதிசயம். தலை, கால், முதுகு என்று தனித்தனியாகக் கூர்மைப்படுத்திப் பல படங்கள் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார். முதுகு முழுக்க நீலமும் ரோஸுமாகப் பஞ்சு. மறுநாள் சாப்பாட்டு வேளையிலும் எழாமல் உட்கார்ந்து, இழை இழையாக அதை நீக்கினார். பிறகு எங்கள் வழக்கப்படி முடித்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மூலப் படங்களை அழித்தார். டிஸ்க்கில் என்றைக்கு இடம் இருந்தது? நாங்கள் எல்லோரும் கூடி நின்று பாராட்டினோம். அந்தப் பஞ்சு அங்கே ஏன் இருந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

விவசாயக் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குப் படத்தை அனுப்பினார். அவர் கூப்பிட்டு, இது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு மாதிரி இருக்கிறது, ஆனால் முதுகில் ஒன்றுமே இல்லையே என்று சந்தேகப்பட்டார். இந்த வகைப் புழு, எறும்பின் கண்ணில் படாமலிருக்கக் கிடைத்த குப்பையையெல்லாம் முதுகில் ஏற்றிக்கொள்ளுமாம். பஞ்சு இருந்தது என்று அக்கா சொன்னதும் அவர் குரலே மாறிவிட்டது. பனியன் பஞ்சைப் போர்த்திக்கொண்டு ஒரு புழு வாழ்வதைத் தான் எங்கும் பார்த்ததில்லை, அந்த மூலப் படத்தை உடனே அனுப்புங்கள் என்றார். அக்கா போனைக் கீழே வைத்துவிட்டார்.

“தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க தம்பி. உயிருக்குப் பயந்து அது போட்டிருந்த சட்டையை நான் உருவிட்டேனே.”

அதன்பின் அந்தப் புழுவைச் சட்டையோடு ஒரு படம் எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருக்கவில்லை. ஞாயிறுதோறும் அதே செடிகள். ஆளும் இளைத்துக்கொண்டே வந்தார். டாக்டர் கொடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த இடங்களைக் காட்டி, “இதுல மட்டும் நம்ம கை வைக்க முடியாது, என்ன?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் ஜேசிபி நின்றது. குடோன் கட்டப் போகிறார்களாம். செடி, கழிவு எல்லாம் வாரிப் போட்டாயிற்று. உடுமலைப் பக்கம் தோப்புகளில் தேடலாங்க அக்கா என்று ஏதோ ஆறுதலுக்குச் சொன்னேன்.

“அங்க புழு இருக்கும் தம்பி. நம்ம பஞ்சு இருக்காதே” என்றார்.

உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போகும்போது கேமராவின் மெமரி கார்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அத்தனையும் எருக்கிலைப் படங்கள், ஒன்றிலும் பூச்சி இல்லை. எந்தத் தூசியையும் அவர் நீக்கவில்லை. வேலை முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து, இலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை முடிந்தமட்டும் பெரிதாக்கி, அதற்குக் கால் இருக்கிறதா என்று பார்க்கிறேன். இதுவரை எல்லாம் வெறும் பஞ்சுதான்.