ஆட்டிறைச்சிக் கறிக்குள் அரைக் கிளாஸ் வைன்

ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டோடு ஆளுக்கு ஒரு கிளாஸ் வைன் குடிக்கும் பழக்கத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான், என் மனுசன் அல்ல. இதை இங்கே சுவிஸில், ஊஸ்டரில் இருக்கிற எங்கள் ஆட்களிடம் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பினால் அது இன்னும் மோசம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே ஆண்கள் காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு விஸ்கி குடிப்பதை எல்லாரும் பார்த்தும் பாராமல் போவார்கள். ஒரு பொம்பிளை தன் வீட்டு மேசையில் இருந்து வைன் குடித்தால் அந்தக் கதை அடுத்த தமிழ்ப் பூசைக்கு முன்னமே மாதா கோயில் வாசலுக்கு வந்துவிடும்.

நான் ஓர்லிகோனில் ஒரு உணவகக் குசினியில் வேலை செய்கிறேன். பாத்திரம் கழுவப் போனவள், பிறகு மரக்கறி வெட்டி, இப்போது சட்டி பிடிக்கிற அளவுக்கு வந்திருக்கிறேன். எந்தச் சாப்பாட்டோடு எந்த வைன் போகும் என்று தலைமைச் சமையல்காரர் பரிமாறுகிற பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நானும் ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பேன். போத்தலில் மிச்சம் கிடந்தால் எனக்கும் ஒரு வாய் ஊற்றித் தருவார். முதலில் முகத்தைச் சுளித்தேன். பிறகு சுளிக்கவில்லை. பிறகு அந்த ஒரு வாய்க்காகக் காத்திருக்கத் தொடங்கினேன், உண்மையைச் சொன்னால் என்ன.

ஆனால் அவர் சொன்னதெல்லாம் வெண்ணெய்க்கும் உருளைக்கிழங்குக்கும்தான் சரிவந்தது. எங்கள் வீட்டு மிளகாய்த்தூளுக்கு எது பொருந்தும் என்பதை நானும் மனுசனும் குடித்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். சுப்பர்மார்க்கெட்டில் விலை குறைத்து அக்சியோன் ஸ்டிக்கர் ஒட்டிய தட்டுக்கு அப்பால் நாங்கள் போனதில்லை. விலை கூடிய வைனை எங்கள் கறித்தூள் ஒரே அடியில் விழுத்திவிடும். துவர்ப்புக் கூடிய சிவப்பு வைன் உறைப்பைத் தூக்கிவிட்டு நாக்கை எரியவைக்கும். நண்டுக்கறிக்குக் கொஞ்சம் இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் நல்லது. கட்லட், றோல்ஸ் பொரிக்கிற நாளில் நுரைக்கிற புரொசெக்கோ. மீன் சொதிக்கு இந்த நாட்டு வாலிஸ் பக்கத்து வெள்ளை வைன். ஆட்டிறைச்சிக் கறிக்குத் தெற்கு இத்தாலியிலிருந்து வருகிற பிரிமிட்டிவோ என்ற சிவப்பு வைன், ஏனென்றால் அதில் பழவாசம் கூடுதல், துவர்ப்புக் குறைவு. பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற ஒடியல் கூழுக்கு மட்டும் எதுவும் ஒத்துவரவில்லை. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் முயன்று பார்த்துவிட்டுத் தண்ணீரே போதும் என்று கைவிட்டோம்.

மனுசனுக்கு என்னைவிட நல்ல மூக்கு. முதியோர் இல்லம் ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை. சவர்க்கார மணத்துக்குள்ளேயே நாள் முழுக்க நிற்கிறவருக்கு எப்படி இந்த மூக்கு மிஞ்சியது என்று நான் பகிடி பண்ணுவேன். கிளாஸை எடுத்து மணந்துவிட்டு, "இது இறாலுக்கு ஆகும், இறைச்சிக்குக் காணாது" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கல்யாணம் முடித்த காலத்திலிருந்து நாங்கள் இருவரும் சண்டை பிடிக்காமல் ஒரு மணித்தியாலம் கதைத்தது என்றால் அது இந்த வைன் கதையில்தான்.

எங்கள் ஒரே மகள் கல்யாணம் முடித்து லுசேர்ணில் இருக்கிறாள். அவளுக்கு முதலில் உண்டான பிள்ளை தங்காமலே போய்விட்டது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. மறுபடியும் வயிற்றில் பிள்ளை என்று அவள் போனில் சொன்ன அன்று சந்தோசப்படவே பயமாக இருந்தது. மனுசன் போய், ஊரிலிருந்து கொண்டுவந்த மடு மாதாவின் படத்துக்கு முன்னால் நின்றார். திரும்பி வந்து மேசையில் இருந்து சொன்னார்:

"மடு மாதாவுக்கு நேர்த்தி வைச்சிட்டன். பிள்ளை சுகமாக் கைக்கு வருமட்டும் ஒரு சொட்டு மதுவும் என்ர வாயில படாது."

"அப்ப நானும் விடுறன்" என்றேன்.

"நேர்த்தி என்ர. நீர் குடியும். நான் மணந்து பாக்கிறன், அது காணும்."

ஒரு சாட்டுக்காவது நான் இன்னொருமுறை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிறு இரவுகளில் நான் ஊற்றுவேன், அவர் என் கிளாஸை வாங்கி மூக்குக்குக் கிட்டப் பிடித்து, பொருத்தம் சொல்லிவிட்டுத் திருப்பித் தருவார். அவர் தண்ணீர் குடிக்க, நான் எதிரில் இருந்து வைன் குடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் கிளாஸ் வெறுமையாகிவிடும்.

மகளுக்கு மசக்கை கடுமையாக இருந்தது. தண்ணீர்கூட வயிற்றில் நிற்கவில்லை. பல கிழமைகள் அப்படியே போனபின் ஒருநாள் போன் எடுத்து, "அம்மா, உங்கட ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் தின்னோணும் போல கிடக்கு" என்றாள். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வரச் சொன்னேன். மருமகனுக்கு அன்று வேலை, அவள் மட்டும் ரயிலில் வருவதாக இருந்தது. மனுசன் அவளைக் கூட்டிவர ஸ்டேசனுக்குப் போனார்.

நான் ஒரு பிரிமிட்டிவோ போத்தலைத் திறந்து, கிளாஸில் ஊற்றி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சமைத்தேன். வெங்காயம் பொன்னிறமாகி, இறைச்சி சுண்டி, சட்டியின் அடியில் கருஞ்சிவப்பாகப் பிடிக்கத் தொடங்கியது. உணவகத்தில் அந்த நேரத்தில் நாங்கள் செய்வது ஒன்றுதான்: சிவப்பு வைனை ஊற்றிச் சட்டியின் அடியைச் சுரண்டிவிடுவது. நாளுக்கு எத்தனையோ தடவை செய்கிற வேலை. கை தன்பாட்டுக்குப் போனது. கிளாஸில் இருந்த அரைவாசியையும் கறிக்குள் ஊற்றிவிட்டேன். ஆவி முகத்தில் அடித்தபோதுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

அகப்பையோடு அப்படியே நின்றேன். வேறு இறைச்சி வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடை எல்லாம் பூட்டு. ரயில் வந்துகொண்டிருந்தது. கொதித்தால் மது எல்லாம் பறந்துவிடும் என்று தலைமைச் சமையல்காரர் சொல்வது நினைவுக்கு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். மது பறக்கலாம், நேர்த்தி பறக்குமா என்று மனம் கேட்டது. அதற்கு வாய்மூடச் சொல்லிவிட்டு அடுப்பைக் கூட்டினேன். கறித்தூளை இன்னும் ஒரு கரண்டி போட்டேன். தேங்காய்ப்பால் தடிப்பாக விட்டேன். பெருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்துத் தூவினேன். கை தவறி ஊற்றியதை மாதா மன்னிப்பாள். அந்த மணத்தை மறைக்க நான் பட்ட பாடு கைதவறல் இல்லை.

மகள் வந்து மேசையில் இருந்தாள். முகம் ஒடுங்கி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. புட்டில் கறியை விட்டு, ஒரு வாய் எடுக்கப்போனவள் கையை நிறுத்தினாள்.

"அம்மா, இதுக்குள்ள வைன் போட்டனீங்களோ? எனக்கு ஒரு சொட்டும் வேண்டாம் எண்டு டொக்டர் சொன்னவா."

"இல்லை" என்றேன். யோசிக்கவே இல்லை. "உனக்குச் சமைக்கேக்க நான் போடுவனோ?"

அவள் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள். நன்றாகச் சாப்பிட்டாள். விரலைக்கூட நக்கினாள். மனுசனும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். முடித்ததும் சாப்பாட்டுக் கோப்பையை என் பக்கம் தள்ளி, "இன்னும் கொஞ்சம் விடும்" என்றார். நான் விட்டேன். எனக்கு ஒரு வாயும் இறங்கவில்லை. "ஏன் அம்மா நீங்கள் சாப்பிடேல்லை?" என்று மகள் கேட்டாள். சமைத்த களைப்பு என்றேன். அந்த மேசையில் அது என் இரண்டாவது பொய்.

அடுத்த கிழமை மருமகன் வேலை நேரத்தில் போன் எடுத்தான். மகளுக்கு இரத்தம் படுகிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறேன் என்றான். நானும் மனுசனும் வேலையிடத்தில் சொல்லிவிட்டு ஓடினோம். லுசேர்ண் போகும் ரயிலில் நான் செபமாலை சொல்ல முயன்றேன், ஒரு மணியும் நகரவில்லை. மாதா அப்படிப்பட்டவள் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு அரைக் கிளாஸுக்காக ஒரு பிள்ளையை எடுக்கிறவளை நான் கும்பிடவில்லை. தெரிந்தும் என்ன, அந்த ரயிலில் அரைக் கிளாஸ் மட்டும்தான் என்று அவளிடம் கணக்குச் சொல்லிக்கொண்டு போனேன்.

மருமகன் மகளோடு உள்ளே நின்றான். நாங்கள் வெளியே கதிரைகளில் இருந்தோம். கதவு பூட்டியே கிடந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"இஞ்சருங்கோ, நான் ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு அந்தக் கறிக்குள்ள..."

"தெரியும்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் வாயிலயே தெரிஞ்சது. அதுக்கு முதல், வீட்டுக் கதவைத் திறக்கேக்கயே மணந்தது."

"அப்ப ஏன் சாப்பிட்டனீங்கள்?"

"பிள்ளை அவ்வளவு நாளுக்குப் பிறகு சோறு தண்ணி எண்டு கேட்டு வந்தவள். நான் கோப்பையைத் தள்ளினா அவளும் எழும்பியிருப்பாள்."

அதைக் கேட்டு எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாகியது. அவர் முடிக்கவில்லை.

"அது முதல் கோப்பைக்கு. ரெண்டாந்தரம் விடும் எண்டு கேட்டது பிள்ளைக்காக இல்லை. எனக்கு ஆசையா இருந்தது. எத்தனை நாளா மணந்துகொண்டு மட்டும் இருந்தனான். தெரிஞ்சு கேட்டு வாங்கித் திண்டனான். நீர் கைதவறி ஊத்தினீர். நான் அப்பிடி இல்லை." கண்ணைத் துடைத்தார். "அவள் உம்மிட்டைக் கேட்டவள். நீர் இல்லை எண்டீர். எனக்குத் தெரிஞ்சும் நான் வாயைத் திறக்கேல்லை."

கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்தக் கதிரையில்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு முன்னால் குடித்த ஒவ்வொரு கிளாஸும் எனக்கு நினைவில் வந்தது. விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லைத்தான். ஆனால் அவருக்கு ஆசை இருக்கும் என்று தெரியாத அளவுக்கு நான் என்ன மடைச்சியா?

தாதி கதவைத் திறந்து வந்து, பிள்ளையின் இதயம் நன்றாக அடிக்கிறது, இரத்தமும் நின்றுவிட்டது, சில நாள் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். சில தாய்மாருக்கு இப்படி நடப்பதுண்டு, காரணம் என்று எதுவும் இல்லை என்றும் சொன்னாள். மனுசன் அவளுக்குக் கைகூப்பிவிட்டு ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்தைத் தேடிப் போனார். மருமகன் போன் கதைக்க வெளியே வந்தான். நான் தனியாக உள்ளே போனேன்.

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் இனி மறைக்கக்கூடாது என்று தோன்றியது. கட்டில் ஓரத்தில் இருந்து சொல்லிவிட்டேன்.

"கறிக்குள்ளயோ? அது அவிஞ்சு போயிருக்கும் அம்மா. அதால ஒண்டும் வராது" என்றாள், என்னைத் தேற்றுகிற மாதிரி. பிறகு போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஆனா நான் கேட்டனான்தானே?"

"ஓம்."

"கேட்டதுக்கு இல்லை எண்டு சொன்னீங்கள்தானே?"

அவள் கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமோ? அவற்ர நேர்த்தி?"

"அவருக்குத் தெரியாது பிள்ளை" என்றேன். "சொல்லிப்போடாதை, தாங்கமாட்டார்."

ஒரு பொய்க்கு மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் இன்னொன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனுசனையும் அவள் கண்ணில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்த தகப்பனின் கையை மகள் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

பேத்தி சுகமாகப் பிறந்தாள். இப்போது தவழ்ந்து திரிகிறாள். மனுசன் மடு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த ஊருக்குக் காசு அனுப்பினார், நான் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஞாயிறுகளில் இருவரும் மறுபடியும் ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றுகிறோம். பொருத்தம் பற்றிய கதை முன்போல நீள்வதில்லை.

மகள் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறாள், அதனால் சாப்பாட்டில் கவனம். நான் கோப்பையில் போட்டுக் கொடுப்பேன். வாங்குவாள், நன்றாகத்தான் பழகுகிறாள், என்னோடு சிரித்துக் கதைக்கிறாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் முதல் வாய் எடுக்குமுன் தகப்பன் பக்கம் திரும்பிக் கேட்கிறாள்:

"அப்பா, இதுக்குள்ள வைன் இருக்கோ?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு "இல்லைப் பிள்ளை" என்கிறார். அதன்பிறகு அவள் சாப்பிடத் தொடங்குகிறாள். சமைத்தவள் நான், எதிர்க் கதிரையில்தான் இருக்கிறேன்.