அரக்குப் புடவையும் ஸ்டெல்லாவின் நிறமும்

விளக்குப் போட்டுப் படம் எடுப்பது சுலபம். அந்த விளக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடி நிற்பதுதான் கஷ்டம். தஞ்சாவூரில் துணிக்கடைகளுக்கு மாடல் படம் எடுத்துக் கொடுக்கிற ஸ்டூடியோ என்னுடையது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் எதையும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்கள் என் கோபத்தில் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விளக்கு

என் ஏற்பாடு எளிமையானது. பக்கவாட்டில், முகத்துக்குக் கொஞ்சம் மேலே, வெள்ளைக் குடை மாட்டிய ஒரு பெரிய விளக்கு. எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் நிழலின் கடுமையைக் குறைத்துவிடும். கூந்தலும் தோளும் திரையோடு ஒட்டிப்போகாமல் இருக்கப் பின்னால் ஒரு சின்ன விளக்கு. மூன்றாவது விளக்கு ஓரமாகச் சும்மா நிற்கும். எல்லாவற்றையும் நேருக்கு நேர் கொட்டினால் பட்டின் மடிப்பு செத்துப்போகும், ஜரிகை வெள்ளைக் கோடாகிவிடும்.

ஒரத்தநாட்டு ஜவுளிக்கடைக்காரர் ஒருவருக்கு இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். அவரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கடைசியில் மூலையைக் காட்டினார்: "அதெல்லாம் சரிங்க மேடம், அந்த லைட்டு ரிப்பேருங்களா?"

பல்லும் நிலமும்

அவராவது வெளிச்சத்தோடு நிறுத்திக்கொண்டார். பிளெக்ஸ் பேனர் வந்த புதிதில், தஞ்சாவூர் பட்டுக்கடை முதலாளி ஒருவர் தீபாவளிப் பேனருக்குப் படம் கேட்டார். நான் ஸ்டெல்லாவை நிறுத்தினேன். பூதலூர் பக்கத்துப் பெண். நல்ல உயரம், நல்ல கறுப்பு. உன் மூஞ்சியை எவன் கடை வாசலில் வைப்பான் என்று ஊரே கேட்டிருக்கிறது. இந்த ஒரு பேனர் ஏறினால் மற்ற கடைகளும் கூப்பிடும் என்று நம்பி வந்திருந்தாள். கறுப்புத் தோலுக்கு வெளிச்சத்தைக் கொட்டக் கூடாது, அகலமாகப் பரப்ப வேண்டும். குடையை இன்னும் கிட்டத்தில் கொண்டுவந்தேன். அரக்குப் பட்டும் அவள் கன்னமும் ஒன்றுக்கொன்று எடுப்பாக விழுந்தன.

முதலாளி கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்தார். "மொகம் எங்கம்மா? பல்லுதான் தெரியுது" என்றார், அவள் பக்கத்தில் நிற்கும்போதே. எனக்கு ரத்தம் கொதித்தது. படம் சரியாக இருக்கிறது, கண்ணைத் திறந்து பாருங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்காமல் அவளுடைய ஊரையும் அப்பா பேரையும் விசாரித்தார். அவள் தாத்தா இவர்கள் பண்ணையில் வேலை செய்தவர்; பிறகு இவர்களிடமே குத்தகைக்கு எடுத்த நிலத்தைச் சட்டப்படி பதிந்துகொண்டு, இவர்கள் மேல் கேஸ் நடத்தி ஜெயித்த குடும்பம். முதலாளி சிரித்துக்கொண்டே அவளிடம் சொன்னார்: "நெலத்த வாங்குனீங்க, இப்ப எங்க கடை பேனரும் வேணுமாக்கும்?"

பேனர் பார்க்க வந்தவர்

படம் நன்றாக இருந்ததால் அவருக்கு விடவும் மனசில்லை. என்னிடம் சொல்லாமல், பேனர் அடிக்கிறவரிடம் கொடுத்து வெளுக்கச் சொல்லிவிட்டார். அந்த மகானுபாவர் முகத்தோடு நிறுத்தவில்லை, முழுப் படத்தின் வெளிச்சத்தையும் ஏற்றிவிட்டார். ஸ்டெல்லா கோதுமை நிறமானாள். அரக்குப் புடவை ரோஸ் ஆனது. ஜரிகையைக் காணவே காணோம்.

ஸ்டெல்லாவின் அப்பா, மகள் படத்தைப் பார்க்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு நேராக என் ஸ்டூடியோவுக்கு வந்தார். என் கையாலேயே அந்தப் பேனரைக் கிழித்துப் போட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அவர் கோபப்படவே இல்லை, மரியாதையாகத்தான் கேட்டார்: "பேனர் நல்லாத்தாம்மா இருக்கு. எங்க பொண்ணு படத்த எப்பம்மா வைப்பாங்க?"

ரோஸ் புடவை

அடுத்த நாளிலிருந்து கடையில் கூத்து. வருகிற பெண்களெல்லாம் பேனரில் இருக்கிற ரோஸ் பட்டைத்தான் எடுத்துப்போடச் சொன்னார்கள். அப்படி ஒரு புடவையே கிடையாது. அரக்கை எடுத்து விரித்தால், ஏமாற்றுகிறீர்களா என்று எதிர்க்கடைக்குப் போனார்கள். வியாபாரம் கண்ணெதிரே போவதைப் பார்த்த முதலாளி வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடிவந்தார். "பொடவைய மட்டும் பழைய கலருக்குக் கொண்டாந்துடும்மா. மொகம் இப்படியே இருக்கட்டும்."

அதைச் செய்ய எனக்குத் தெரியும். செய்ய மாட்டேன் என்றேன். நான் எடுத்தபடியே போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். அப்படியும் அவர் நகரவில்லை. வேறு கடைக்குப் படம் எடுக்க வந்து உள்ளே தயாராகிக்கொண்டிருந்த ஸ்டெல்லா, பாதிக் கொசுவத்தைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பொடவைக்கு அதோட கலரு வேணும்னா எனக்கும் என் கலரு வேணும்ங்க. ரெண்டு பேரும் ஒரே லைட்டுலதான் நின்னோம்."

மறுநாள் காலை பேனர் மாறியது, நான் எடுத்தபடியே. ஒரு பெண்ணின் நிறத்தை அழித்தால் இந்த ஊரில் யாருக்கும் வலிக்காது, புடவையின் நிறத்தை அழித்துவிட்டால் மட்டும் கடைக்காரருக்கு நியாய அநியாயம் எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும்.