பதினொரு வீட்டில் ஒரு ஜீப்

உலகப் போருக்கென்று அமெரிக்காவில் அவசர அவசரமாகச் செய்து தள்ளிய ஜீப் அது. போர் முடியும்வரை ஓடினால் போதும் என்று செய்திருப்பார்கள். எந்தப் போர் என்று சொல்லாததால் அப்பா அதை எங்கள் போருக்கும் வைத்திருந்தார்.

வெள்ளைக்காரப் படை விட்டுப்போன அந்த வண்டி, பலர் கைமாறிப் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்கு வந்தபோதே கிழடு. பெற்றோல் இல்லாத காலத்தில் அப்பா கார்புரேட்டருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். தெருவில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்கள். அப்பா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

ஆமி, இயக்கம் என்று துவக்கு வைத்திருந்த எல்லோருக்கும் அதன்மேல் ஒரு கண். “முழுசாய் நிண்டால்தானே கொண்டு போவாங்கள்?” என்று அப்பா அதைக் கழற்றிப் பதினொரு வீட்டில் ஒளித்துவைத்தார். சில்லுகள் பெரியம்மா வீட்டில், எஞ்சின் மாமா வீட்டு வைக்கோலுக்குள், கார்புரேட்டர் எங்கள் அரிசிப் பானைக்குள். அடுத்த வாரமே, ஆமி நெருங்கிவிட்டதென்று, ஊரைவிட்டு வெளிக்கிடச் சொல்லி அறிவித்தார்கள். உழவு இயந்திரம், மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஜீப் வைத்திருந்த நாங்கள் சாவகச்சேரி வரை மழையில் நடந்தோம். அம்மாவுக்கு அப்போதே முழங்கால் வருத்தம். அப்பாமேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுதாய்ப் போகவில்லை.

திரும்பி வந்தபோது எஞ்சின் இல்லை. அப்பா எங்கோ தேடி ஒரு டீசல் எஞ்சினைப் பூட்டினார். அதற்குக் கார்புரேட்டரே தேவையில்லை. தார்ப் பீப்பாயை வெட்டி பொனட் போட்டார்.

அப்பா இப்போது இல்லை. ஜீப் நிற்கும் கொட்டிலை இடித்து, படியேற முடியாத அம்மாவுக்கு ஓர் அறை கட்ட நினைத்தேன். போன மாதம் கொழும்பிலிருந்து பழைய வாகனம் சேர்க்கும் ஒருவர் வந்தார். அடியில் படுத்தும் பார்த்துவிட்டு, “இதில ஒன்றும் அசல் இல்லையே” என்றார். நான் ஓடிப்போய் அம்மாவின் பெட்டிக்குள் சேலைத் துணியில் சுற்றியிருந்த கார்புரேட்டரை எடுத்துவந்தேன். அவர் முகம் மலர்ந்தது.

“இது அசல். இதையும் தந்தால் வண்டியை இன்றைக்கே ஏற்றுகிறேன்.”

கதிரையில் இருந்த அம்மா கார்புரேட்டருக்குக் கையை நீட்டினார். “வண்டியைக் கொண்டு போங்கோ தம்பி. உதைத் தாங்கோ.”

“உங்களுக்கு இது எதுக்கம்மா?” என்றார் வந்தவர்.

“ஜீப் எங்களைச் சாவகச்சேரிக்குக் கொண்டு போகேல்லை. நான்தான் உதைத் தூக்கிக்கொண்டு நடந்தனான்.”

வந்தவர் வெறுங்கையோடு போனார். அறை இன்னும் கட்டவில்லை.