ஆயுத பூஜைக்குக் கழுவிய கூண்டுகள்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஜெனிட்டா போன் செய்தாள். "மேடம், உடனே வாங்க. எலியெல்லாம் ஒரே கூண்டுல கிடக்கு." காட்டூர்ப் பெண்; என்னிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். சட்டென்று பதறுகிற ஆள் இல்லை. பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

எங்கள் வேலை இதுதான். பால் மறந்த எலிக்குட்டிகளில் பாதியைக் கூண்டுக்கு ஒன்றாகத் தனியே வளர்ப்போம். மீதியைக் கூட்டமாக, ஏறி விளையாட மரக்கட்டை, நுழைந்து ஓட பிவிசி பைப் எல்லாம் போட்டு வளர்ப்போம். பெரிதானதும் தண்ணீர் ஜாடியில் விட்டால், எது சீக்கிரம் மனம் சோர்ந்து நீந்துவதைக் கைவிடுகிறது என்று தெரியும். பிறகு மூளையில், மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் என்கிற ரசாயனத்தின் அளவு பார்ப்போம். குட்டிப் பருவத்தில் இருந்த இடம் பிற்பாடு மனதை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. அதனால் அந்த முதல் வாரங்களில் கூண்டை யாரும் மாற்றவே கூடாது.

துறைத் தலைவர் மாற்றியிருக்கிறார்.

"பூஜைக்குக் கூண்டெல்லாம் கழுவிப் பொட்டு வைக்கச் சொன்னேன் மேடம். கழுவுறப்ப எலிய எங்க விடுறது? பாவம், ஒத்தை ஒத்தையா வேற கிடந்துச்சுங்க. சேர்த்து விடச் சொன்னேன்."

"கதவுல திறக்காதீங்கன்னு ஒட்டியிருந்தோமே சார்."

"நல்ல நாளும் அதுவுமா பூட்டியா வைப்பாங்க? வால்ல மார்க் இருக்குல்ல, பார்த்துப் பிரிச்சு வெச்சுடுங்க. ஒரு ராத்திரிதானே. யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கு ரத்தம் கொதித்தது. விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷன் பேசுகிற பேச்சா இது? தனிமையைத்தான் அளக்கிறோம், அதைக் கலைத்துவிட்டு எதை அளப்பது? "அந்தக் குட்டிப் பருவத்தை நீங்க திருப்பித் தருவீங்களா சார்?" என்று வராந்தாவிலேயே கத்திவிட்டேன்.

அவர் என்னை விட்டுவிட்டு ஜெனிட்டா பக்கம் திரும்பினார். "ஏம்மா, உனக்கு ஸ்டைபண்ட் இந்த வருஷத்தோட முடியுதுல்ல? மேடம் பேச்சைக் கேட்டுக்கிட்டு உக்காந்திராத."

கடைசியில் மிரட்டல் அந்தப் பிள்ளைக்குத்தான். அவள் அவரைப் பார்த்தே சொன்னாள்.

"பிரிச்சு வெச்சா நம்பர் வரும் சார். ஆனா அது பொய் நம்பர்னு எனக்குத் தெரியுமே. புதுக் குட்டி எடுத்து முதல்லேருந்து செய்றேன்."

செய்தாள். ஸ்டைபண்ட் நின்றது. சாயங்காலம் டியூஷன் எடுத்துக்கொண்டு, கூடுதலாக ஒரு வருஷம் உழைத்து முடித்தாள். அவரோ பூஜையன்று சுண்டல் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர். ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

லேபுக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வேலை கெட்டுப்போனால் கெட்டுப்போனது என்று முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள். மூடி மறைக்கச் சொல்பவர் எத்தனை பெரியவராக இருந்தாலும் அவர் முகத்துக்கு நேரே கோபப்படுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.