கல்வெளியில் கேட்ட ஒரு கரண்டி சீனி

என் மகள் என்னைப் பார்த்து "நீங்கள் யார்" என்று கேட்ட ஒரு மத்தியானத்தைப் பற்றிச் சொல்லத்தான் இன்றைக்குச் சபையில் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

என் பெயர் சுகந்தி. இங்கே சுவிசில், ஃப்ரிபூர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பகுதியில் வேலை. எனக்கும் கணவர் தயாபரனுக்கும் ஒரே பிள்ளை, அபிஷா. சின்ன வயதிலேயே அவளுக்கு நீரிழிவு வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற மாதிரியானது இல்லை. அவள் உடம்பில் இன்சுலினே சுரக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஊசி. ஊசியைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி இறங்கும். அளவு மீறி இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

2015ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அபிஷா பள்ளிப் படிப்பை முடித்து, பல்கலைக்கழகம் போகக் காத்திருந்தாள். "அம்மா, இவ்வளவு வருஷமா மலையை ரயில் ஜன்னலாலதானே பாக்கிறியள். ஒரு நாள் என்னோட நடக்க வாங்கோ" என்றாள். அவள் ஆசையாகக் கேட்டதால் சரி என்றேன்.

வலே மாநிலத்துக்குப் போனோம். பஸ் எங்களை மலைக் கணவாயில் இறக்கிவிட்டது. பச்சைப் புல்லும் மாடுகளும் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே இருந்தது கல் மட்டும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வெளிறிய சுண்ணாம்புப் பாறை, அதில் எங்கும் ஆழமான வெடிப்புகள். மழை பெய்தாலும் தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கிவிடுமாம். ஒரு மரம் இல்லை. மேலிருந்து வெயில், கீழிருந்து பாறையின் சூடு. பாலைவனம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சுவிசில் அதைக் காண்பேன் என்று நினைக்கவில்லை.

மத்தியானம் ஒரு பாறை நிழலில் இருந்து சாப்பிட்டோம். அபிஷா முழுச் சாப்பாட்டுக்கும் ஊசி போட்டாள். வெக்கையில் பாதிப் பாண்தான் இறங்கியது. "மிச்சத்தை நடக்கேக்க சாப்பிடுறன்" என்று சுற்றித் தன் பையில் வைத்தாள். என் போத்தலில் தண்ணீரும் அதோடு முடிந்தது.

திரும்ப நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், ஒரு வெடிப்பைத் தாண்டும்போது அவள் கால் சறுக்கியது. கணுக்கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒரு தோளில் மட்டும் மாட்டியிருந்த பை கழன்று வெடிப்புக்குள் விழுந்தது. அது பாறையில் மோதி மோதி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை. பாண், பழச்சாறு, குளுக்கோஸ் வில்லைகள், தண்ணீர், அவளுடைய தொலைபேசி எல்லாம் அந்தப் பையில்தான் இருந்தன. என் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை.

"பரவாயில்லை அம்மா, ஆராவது வருவினம்" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். யாரும் வரவில்லை. கால் வீங்கிக்கொண்டே போனது. பிறகு அவளுக்கு வியர்த்தது. விரல்கள் நடுங்கின.

"அம்மா, சீனி இறங்குது."

என் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். குடை, ஜாக்கெட், சின்னப் புதிய ஏற்பாடு, வெறும் போத்தல். தையல்களுக்குள் எல்லாம் விரலை விட்டுத் தேடினேன். ஒரு ரொபி, ஒரு இனிப்பு இல்லை. பாணின் ஒரு துகள்கூட இல்லை.

உதவி தேடிப் போவதா, அவளோடு இருப்பதா? தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி ஒரு மேட்டில் ஏறினேன். திரும்பிப் பார்த்தால் என் பிள்ளையைக் காணவில்லை. எல்லாப் பாறையும் ஒரே மாதிரி இருந்தது. விழுந்து எழும்பி ஓடி அவளிடம் வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு அவளை விட்டு நகரவில்லை. பிரெஞ்சில் கத்தினேன். தமிழில் கத்தினேன்.

அவள் பேச்சுக் குழறத் தொடங்கியது. என் கையைத் தட்டிவிட்டாள். பிரெஞ்சில் கேட்டாள், நீங்கள் யார் என்று. அவள் கண்கள் என் முகத்தில்தான் இருந்தன. ஆனால் நான் அங்கே இல்லை.

சபையில் நான் நீளமாக ஜெபிக்கிறவள். அன்றைக்கு ஒரு சொல்லும் வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஊர்ச் சண்டையில செல்லடிக்குள்ளால எங்களைக் காப்பாத்திக் கொண்டுவந்தது இதுக்கோ ஆண்டவரே?" என்று கேட்டேன். அவள் என் மடியில் துவண்டு சாய்ந்தாள். எனக்குள் இருந்ததெல்லாம் உடைந்துபோனது. "எனக்குப் பெரிய அற்புதம் வேண்டாம். ஒரு கரண்டி சீனி தாரும். ஒரேயொரு கரண்டி. என்ர பிள்ளைக்குத் தாரும்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அது அலறலாக மாறியதை நான் அறியவில்லை. மனிதர்களைக் கூப்பிடுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன்.

பாறைக்குப் பின்னால் காலடி கேட்டது. நரைத்த முடியோடு ஒரு சுவிஸ் பெண் ஓடிவந்தா.

அவவும் கணவரும் எங்களுக்கு முன்னால் நடந்து போனவர்கள். தாங்கள் இருந்து சாப்பிட்ட இடத்தில் கறுப்புக் கண்ணாடியை மறந்துவிட்டாவாம். பழையதுதானே, விடு என்று கணவர் சொல்லியும் கேளாமல் தனியே திரும்பி வந்திருக்கிறா. கண்ணாடியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது யாரோ அலறுவது கேட்டதாம். இதெல்லாம் பிறகு அறிந்தது. அப்போது நான் "சுக்ர், சுக்ர்" என்று மட்டும் சொன்னேன். சீனிக்குப் பிரெஞ்சில் அதுதான் சொல்.

அவ உடனே எங்களுக்குப் பக்கத்தில் குனிந்தா. தன் பையிலிருந்து பற்பசைக் குழாய் போல ஒன்றை எடுத்தா. உள்ளே இருந்தது ரின்பால். நாங்கள் தேநீருக்கு விடுகிற அதே கெட்டியான இனிப்புப் பால். இங்கே மலை நடக்கிறவர்கள் அதைக் குழாயில் கொண்டுபோவார்கள். நினைவில்லாத பிள்ளைக்கு வாயில் ஊற்றினால் மூச்சு அடைக்கும். அபிஷாவைப் பக்கவாட்டில் சாய்த்து, என் விரலில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அவள் கன்னத்தின் உட்பக்கத்தில் தடவினேன். தடவிக்கொண்டே இருந்தேன். நாக்கு அசைந்தது. பிறகு விழுங்கினாள்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. "என்னம்மா இது, வாயெல்லாம் பிசுபிசு எண்டிருக்கு" என்றாள்.

தமிழில் சொன்னாள். அம்மா என்று சொன்னாள்.

அந்தப் பெண் சிக்னல் கிடைக்கும் இடம்வரை ஏறிப்போய் மீட்புக்குழுவை அழைத்தா. திரும்பி வந்து, ஹெலிகொப்டர் தெரிந்ததும் இரண்டு கைகளையும் மேலே உயர்த்திப் பிடிக்கச் சொன்னா. உதவி வேண்டும் என்று விமானிக்குக் காட்டும் அடையாளம் அதுவாம். கைகளை உயர்த்தியபடி நின்று நான் சத்தம்போட்டு அழுதேன்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. கோயில் பக்கமே வராத தயாபரன், மகளின் கட்டிலடியில் முழங்காலில் இருந்ததைக் கண்டேன். அன்றிலிருந்து அவர் என்னோடு ஆராதனைக்கு வருகிறார். என் ஜெபங்களும் குறுகிப்போயின. இப்போது அலங்காரமாகக் கேட்க எனக்கு வருவதில்லை.

அவ கண்ணாடியை மறந்ததுதானே, இதில் ஆண்டவர் எங்கே என்று சிலர் கேட்டார்கள். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஆனால் ஆண்டவரிடம் இப்படிக் கேட்டும் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் இந்தச் சபையில் இருக்கிறா. அவவுக்கு முன்னால் இதைச் சொல்ல எனக்குக் கூசியது. அவவேதான் என் கையைப் பிடித்து, "சொல்லும் சுகந்தி. நானும் இன்னும் அவரிட்டத்தான் கேட்கிறன்" என்றா. அந்தச் சொல்லால்தான் இன்று நான் எழுந்து நிற்கிறேன்.

உங்களில் யாராவது இப்போது அப்படியொரு கல்வெளியில் நின்றால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபம் வந்தால் கோபத்தோடேயே கேளுங்கள். இன்றைக்கு எது இல்லாமல் நீங்கள் சாகிறீர்களோ, அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் என் சத்தத்தைக் கேட்டார். என் பிள்ளை உயிரோடு இருக்கிறாள்.