புள்ளியைத்தான் பார்த்தேன்

இங்கே டொராண்டோவில் நான் எதைப் பார்க்கிறேன் என்பதை என்னிடம் கேட்பதில்லை, இயந்திரத்திடம் கேட்கிறார்கள். போன வருடம், முதியவர்கள் வாசிக்கும் விதத்தை ஆராயும் ஓர் இடத்தில் என் கண்ணுக்கு எதிரே காமிரா வைத்தார்கள். திரையின் நடுவிலிருந்த புள்ளியையே பார்த்தேன். இயந்திரமோ என் பார்வை ஓரத்தில் கிடப்பதாகக் காட்டியது. “ப்ளீஸ், புள்ளியைப் பாருங்கள்” என்றாள் அங்கிருந்த பெண். “அதைத்தான் பார்க்கிறேன்” என்றேன். களைத்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவளுடைய மேலாளர் வந்து பார்த்தார். எனக்கு முந்தி வந்துபோனவரின் கண்ணுக்குச் சரிசெய்து வைத்த அளவிலேயே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காமிராவுக்குத் தெரிவது கண்மணியும், விழிமேல் மின்னும் ஒளிப்பொட்டும்தான். கண்ணின் நடு அச்சும் நாம் பார்க்கும் கோடும் ஒன்றல்ல. சில பாகை விலகும், அது ஆளுக்கு ஆள் மாறும். ஒவ்வொருவரையும் முதலில் சில புள்ளிகளைப் பார்க்கச் சொல்லி அந்த விலகலைக் கழித்தாக வேண்டும்.

லென்ஸ் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவன் நான். தொண்ணூற்றேழில் செந்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வுக் கண்காணிப்புக்குப் போனேன். செல்வராணி என்ற பெண் பக்கத்துத் தாளைப் பார்க்கிறாள் என்று எழுப்பி வெளியே அனுப்பினேன். அவள் அம்மா பருத்திக்காட்டிலிருந்து ஓடிவந்தார்.

“அவ நேராத்தாங்க பாக்குறா சார். நமக்குத்தான் கோணலாத் தெரியும். பெரம்பலூர் டாக்டரே மாறுகண்ணு இல்லன்னுட்டாருங்க.”

“எனக்குக் கண்ணு இருக்கு. நீ போம்மா.”

அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு நின்றது. காமிராகூட எதிரே இருக்கும் கண்ணை விசாரித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நான் விசாரிக்கவில்லை. என்ன படித்த ஆள் நான்? தண்ணீர் கொடுத்தவள்மேல் வந்த கோபம் என்மேல் வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்தக் கோடையில் ஊருக்குப் போய் விசாரித்தேன். செல்வராணி செந்துறை பஸ் நிறுத்தத்தில் சின்ன வெங்காயம் கூறுகட்டி விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

“என்ன சார், மறுபடி பரீட்ச வைக்க வந்தீங்களா?”

கண்ணின் அச்சு, விலகல் எல்லாம் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன்.

“இத எங்கம்மா அன்னிக்கே சொல்லுச்சே. ஏரோப்ளேன் ஏறிப் போயித்தான் தெரிஞ்சுக்கணுமா?”

பக்கத்தில் அரியலூர் பஸ் கிளம்பத் தயாராக உறுமியது. அவள் கண்ணும் அந்தப் பக்கம் போனதுபோல் இருந்தது. இந்த முறை கேட்டேன்.

“எதம்மா பாக்குற?”

“உங்களத்தான் சார். பஸ்ஸ நீங்கதான் பாக்குறீங்க.”